பெற்றவர் போன பிறகு ஊருக்குத் திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் அப்பா போனார். ஒன்பது வருடம் கழித்து அம்மா. இரண்டு முறையும் நான் வேறு ஊரில் இருந்தேன். இரண்டு முறையும் பிறந்து வளர்ந்த ஊருக்குப் போய், வீட்டைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்து, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தேன். அதற்குப் பிறகு இதே நிலைமையில் இருந்த நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. சொத்துச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

பல வருடமாக ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். அம்மா இறந்ததிலிருந்து ஊர் ஞாபகமாகவே இருக்கிறது. ஏன்?

தேடுகிறீர்கள். பிரிட்டனில் துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த ஜான் பௌல்பி, காலின் மர்ரே பார்க்ஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1970 வாக்கில் இதைப் பற்றி எழுதினார்கள். நெருங்கிய ஒருவரை இழந்தவருக்கு, அவர் இறந்துவிட்டார் என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்ணும் காலும் அவரைத் தேடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் அவருடைய முதுகு மாதிரி ஒன்று தெரிந்தால் தலை தானாகத் திரும்பும். அவர் வழக்கமாக இருக்கும் இடத்துக்குக் கால் போகும்.

தொலைந்த பொருளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில்தானே தேடுவோம்? அம்மாவைக் கடைசியாகப் பார்த்த இடம் ஏதாவது ஆஸ்பத்திரி வார்டாக இருக்கலாம். மனசு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அவள் நடமாடிய வீட்டைத்தான் காட்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஏங்குவது ஊருக்கா, ஊரில் இருந்த ஆளுக்கா என்பது உடனே தெரியாது. தெரிவதற்குள் வேலையை விட்டவர்களையும், வீட்டை விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கும் கேள்விகளில் பாதி, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

வீடு ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?

சின்ன வயதில் நம் உடம்புதான் அளவுகோல். ஜன்னல் திண்டில் ஏறி உட்கார அப்போது இரண்டு கையும் ஒரு தம்மும் தேவைப்பட்டது. இப்போது அது இடுப்புக்குக் கீழே நிற்கிறது. தெருமுனை வரை போய்வருவது அன்றைக்கு ஒரு பயணம், இன்றைக்கு நாலு எட்டு.

ஆனால் வருடா வருடம் வந்துபோனவர்களும், அம்மா போன பிறகுதான் இப்படித் தெரிகிறது என்கிறார்கள். அது உண்மைதான். அதுவரை அவர்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை, ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சுவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இறுதிச் சடங்கில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மூன்று மாதம் கழித்து பீரோவைத் திறந்ததும் உடைந்துபோனேன். எனக்கு ஏதாவது பிரச்சினையா?

இல்லை. பீரோவின் வாசனை அப்படி. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தலாமஸ் என்ற இடத்தில் நின்று, பிரிக்கப்பட்டு, அப்புறம்தான் மேலே போகும். வாசனைக்கு அந்த வரிசை கிடையாது. உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளுக்கு அது ஏறக்குறைய நேராகவே போய்விடும். அதனால்தான் என்ன ஏது என்று நாம் யோசிப்பதற்குள் தொண்டை அடைத்துவிடுகிறது.

இடத்துக்கும் இந்த வேலை தெரியும். 1975-ல் கோடன், பேட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள், தண்ணீருக்குள் மூழ்கி நீந்துபவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கு அடியில் கேட்டுப் பதியவைத்த சொற்கள், கரைக்கு வந்தபின் நினைவுக்கு வந்ததைவிடத் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் கேட்டவை கரையில் நன்றாக வந்தன. நாம் பிள்ளையாக இருந்த வருடங்களெல்லாம் அந்த வீட்டுக்குள் பதிந்தவை. வேறு ஊரில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் வராதது, அந்த நிலைப்படியில் கால் வைத்தால் வந்துவிடுகிறது.

இதில் ஒரு நடைமுறை விஷயம் உண்டு. உதவிக்கு வரும் நல்லவர்கள் முதல் வேலையாக எல்லாத் துணியையும் துவைத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு துணியையாவது எடுத்து, காற்றுப் புகாத உறையில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.

மறுத்தல், கோபம் என்று ஐந்து கட்டங்கள் சொல்கிறார்களே, நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?

அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதினார். அவர் பேசியது சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம். தங்கள் மரணச் செய்தியை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதில் இருப்பது. இறந்தவரை நினைத்து அழுபவர்களுக்கும் அதையே பஸ் நிறுத்தங்கள் மாதிரி ஒட்டிவிட்டார்கள். துக்கம் அப்படி வரிசையில் போவதில்லை.

எனக்குப் பொருத்தமாகப் பட்டது, மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற துக்க ஆய்வாளர்கள் இருவரும் 1999-ல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊசலாடிக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, பழைய படங்கள், ஏக்கம். மறு பக்கம் மிச்ச வாழ்க்கை: கரண்ட் பில், வங்கி, ஒழுகும் குழாய். இந்த ஊசலாட்டம்தான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. ஊருக்குப் போய்த் தங்கினால் இது கண்கூடாகத் தெரியும். காலையில் பிளம்பரிடம் பேரம் பேசிச் சிரித்திருப்பீர்கள், சாயங்காலம் அதே குழாயடியில் நின்று அழுவீர்கள். இரண்டும் நடிப்பில்லை.

வீட்டில் இருக்கும் சாமான்களை எப்போது, எப்படிப் பிரிப்பது?

வாடகை வீடாக இருந்தால் நாள் உங்கள் கையில் இல்லை. சொந்த வீடு என்றால் அவசரப்படாதீர்கள். முதல் பயணத்தில் எதையும் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் பயணத்துக்கு இரண்டே வேலைதான்: பத்திரம், வங்கிக் காகிதம், அடையாள அட்டைகளை ஒரே பைக்குள் சேர்ப்பது, கெட்டுப்போகும் பொருள்களை அப்புறப்படுத்துவது. காகிதங்கள் அலமாரியில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் அப்பா முக்கியமான ஒரு ரசீதைச் சுவர்ப் படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தார். பழைய டைரி, துணிகளின் பை, மெத்தைக்கு அடி, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் குப்பை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எதையாவது நகர்த்துவதற்கு முன்னால், இருக்கிறபடியே ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். நாற்காலி ஜன்னல் பக்கம் எவ்வளவு திரும்பியிருந்தது என்பதெல்லாம் பின்னால் ஞாபகம் இருக்காது. அப்புறம் சத்தங்கள். கதவு திறக்கும் கிறீச், தாழ்ப்பாள் விழும் சத்தம், மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டுவது. இதையெல்லாம் போனில் பதிவு செய்தபோது என் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அடுத்த வருடம் அவன்தான் அந்தப் பதிவை அனுப்பச் சொல்லிக் கேட்டான்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு: விலையைப் பார்க்காதீர்கள், தேய்மானத்தைப் பாருங்கள். அவர்கள் கைபட்டுத் தேய்ந்த பொருளில்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். கைப்பிடி வழவழப்பான கத்தி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு, கிறுக்கலான கணக்கு நோட்டு. மரியாதைக்காகப் பூட்டி வைத்திருந்த பாத்திரம் பண்டமெல்லாம் யாராவது புழங்கக் கொடுத்துவிடலாம். இதைக் கேட்டு என் அக்காவுக்குக் கோபம் வந்தது. அவளுடைய கணக்கு வேறு, அவளுக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொண்டாள்.

அவருடைய போனும் கணக்குகளும்?

அந்த எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். வங்கி முதல் மின் இணைப்பு வரை எதை மாற்றப் போனாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாம் முடிகிற வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். குரல் செய்திகள் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்குப் பிரதி எடுங்கள். நிறுத்திய எண்ணை நிறுவனம் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழக்கதோஷத்தில் நீங்கள் அழைத்து, அந்தப் பக்கம் யாரோ “ஹலோ” என்பதைக் கேட்க வேண்டாம்.

கூகுள் கணக்கு இரண்டு வருடம் யாரும் தொடாமல் கிடந்தால் அழிக்கப்படலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த நிறுவனம் இதைச் செய்துவருகிறது. அப்பா எடுத்த படங்கள் அதில் இருந்தால் கவனம். தனக்குப் பின் கணக்கை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியை கூகுள் 2013-லும், ஃபேஸ்புக் 2015-லும், ஆப்பிள் 2021-லும் கொண்டுவந்தன. ஆனால் அதை உயிரோடு இருக்கும்போது அவர்களே செய்திருக்க வேண்டும். நம் தலைமுறையாவது செய்து வைக்கலாம்.

கூடப்பிறந்தவர்களோடு சண்டை வந்துவிட்டது. அதுவும் ஒரு பழைய கடிகாரத்துக்காக.

கடிகாரத்துக்காக இருக்காது. யாரை அதிகம் பிடிக்கும் என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் போய்விட்டார். அதனால் பொருள்களை வைத்துத் தீர்ப்பு எழுதப் பார்க்கிறோம். பக்கத்தில் இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்கு ஒரு கணக்கு இருக்கும், தூரத்தில் இருந்து பணம் அனுப்பியவருக்கு ஒரு கணக்கு இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எனக்குத் தெரிந்து உதவுகிற ஒரே விஷயம், பார்த்துக்கொண்டவரின் உழைப்பை மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்வது. பங்கு பிரிப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னாலும், விவரமாக. “நீதான் ராத்திரி ராத்திரியாக முழித்திருந்தாய்” என்று. எங்கள் வீட்டில் அக்காவிடம் இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பேச்சும் பத்திரத்தில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட நாட்களில் போய் முடிந்தது. அப்புறம், துக்கம் நடந்த வாரத்தில் சொத்துப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் சொன்ன சொல் முப்பது வருடம் கழித்தும் அப்படியே திரும்பி வரும்.

ஊர்க்காரர்களை எப்படி எதிர்கொள்வது? ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஒரு வாரம் அப்படித்தான். “எப்படி ஆச்சு?” என்பதற்கு இரண்டு வரியில் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கதையை மூன்று பேருக்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த வாரம் தாண்டியதும் ஊர் வேறு முகம் காட்டும். வெளியூரில் உங்களுக்குப் பதவி இருக்கும், பெயர் இருக்கும். இங்கே நீங்கள் இன்னாருடைய பிள்ளை. எனக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அப்பாவின் பெயரை அன்றாடப் பேச்சில் சர்வசாதாரணமாகச் சொல்கிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று.

அவர்களிடம் கதை இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அப்பா என்கிற அப்பாவை மட்டும். இருபது வயதில் அவர் யாரோடு சுற்றினார், எதற்குப் பயந்தார், யாரிடம் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டார், இதெல்லாம் அவர் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. வீட்டுச் சாமானைவிட இதற்குத்தான் அவசரம். போய் உட்காருங்கள், பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். என் அப்பா நன்றாக விசிலடிப்பார் என்பதை அவர் போய் நான்கு மாதம் கழித்து ஒரு பெரியவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். வீட்டில் ஒரு நாளும் அடித்ததில்லை.

வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊருக்கே வந்துவிடலாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். வரலாம், ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்பது என் கட்சி.

1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பாசல் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டில் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கினார். திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். ஊரை நினைத்து நினைத்து உடம்பு கெடுவதற்கு அவர் வைத்த நோய்ப்பெயர் அது. மருந்தும் சொன்னார்: ஊருக்கு அனுப்பிவையுங்கள். படிப்புக்கோ வேலைக்கோ வந்த பிள்ளைகளுக்கு அது சரியான மருந்தாக இருந்திருக்கும், ஏனென்றால் அங்கே அம்மா இருந்தாள். நம் விஷயத்தில் மருந்தே காலி.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ், போரிலிருந்து வீடு திரும்பும் வீரர்களை மனதில் வைத்து 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். புது இடத்துக்குப் போகிறவன் அங்கே எல்லாம் அந்நியமாக இருக்கும் என்று தயாராகவே போகிறான். சொந்த இடத்துக்குத் திரும்புகிறவன் அப்படித் தயாராவதில்லை, எல்லாம் தெரியும் என்று நினைக்கிறான், அடி அங்கேதான் விழுகிறது. ஊரும் மாறியிருக்கும், ஆளும் மாறியிருப்பான். நான் இதற்கு ஒன்று சேர்ப்பேன்: ஊரை நமக்கு ஊராக வைத்திருந்தது அம்மாவும் அப்பாவும்தான். யார் வீட்டுக்குப் போக வேண்டும், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கடைக்காரர் நம்பகம், எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நமக்கு வந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. இனிமேல் நீங்களாகத்தான் ஊரோடு பழக வேண்டும், குடிவந்த ஆள் மாதிரி.

அது முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். பண்டிகை, கல்யாணம் எதுவும் இல்லாத ஒரு மாதம், உங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காத பருவம் எதுவோ அதில், வேலை நாட்களில் போய்த் தங்குங்கள். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். பழைய ஆல்பத்தையே புரட்டிக்கொண்டிருந்தால் இன்னும் காலம் வரவில்லை. எதையோ பழுதுபார்க்கவோ, யாரையோ பார்க்கவோ, அப்பா அம்மாவுக்குச் சம்பந்தமே இல்லாத உங்கள் சொந்தக் காரணத்துக்காக வெளியே கிளம்பினால், சரி, யோசிக்கலாம். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். அது உங்கள் பால்யம், அவர்களுக்கு அது வெறும் ஊர்.

முடிவெடுக்கும் வரை வீட்டை என்ன செய்வது?

பூட்டியே போடாதீர்கள். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் கெடும். நம்பகமான ஒருவர் மாதம் இரண்டு தடவை திறந்து, காற்று விட்டு, குழாய்களைத் திருப்பிப் பார்க்கட்டும். அதற்குப் பணம் கொடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் விதிகளைப் படியுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்கு இழப்பீடு தராத பாலிசிகள் நிறைய உண்டு.

அப்பா போய்விட்டார். அம்மாவை எங்களோடு கூட்டிவந்துவிடலாமா?

நாங்கள் ஒரு மாதத்துக்குள் கூட்டிவந்தோம். தனியாக எப்படி விடுவது என்ற பயம். அது தப்பு. அப்பாவை இழந்தவளிடமிருந்து வீட்டையும், அண்டை அயலையும், சாயங்காலம் வாசலில் நிற்கும் அரைமணி நேரத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோம். எங்கள் வீட்டில் அவள் ஒரு விருந்தாளியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது மாதம் “என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு” என்றாள். அதன்பின் எட்டு வருடம் அந்த வீட்டில் தனியாக, பெரும்பாலும் சந்தோஷமாகவே இருந்தாள்.

உடல்நிலை இடம் கொடுக்காவிட்டால் வேறு வழியில்லைதான். இடம் கொடுத்தால், நீங்கள் முறைவைத்துப் போய்த் தங்குங்கள்.

அப்பாவோடு எனக்குப் பேச்சே கிடையாது. இப்போது அழுகை வருகிறது, யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உலகம் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒரு வகையை கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் விளக்கினார். உனக்கு அழ என்ன உரிமை என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கும் துக்கம், அல்லது நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது. உங்களுடையது அது. நல்ல அப்பாவை இழந்தவர், இருந்த உறவுக்காக அழுகிறார். நீங்கள், அந்த உறவு இனிமேல் சரியாக வாய்ப்பே இல்லை என்பதற்காகவும் சேர்த்து அழுகிறீர்கள். ஊருக்குப் போவதானால் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். ஊர் அவரைப் புகழும்போது தலையாட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

அம்மாவோடு மனசுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ‘விட்டுவிடு’ என்கிறார்கள்.

விட வேண்டாம். பற்றைப் படிப்படியாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917-ல் எழுதியவர், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட். 1920-ல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். 1929-ல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருளில் அவரே எழுதினார். 1990-களில் வந்த ஆய்வாளர்கள், இறந்தவரோடு உறவு வேறு வடிவத்தில் தொடர்வதை இயல்பானது என்றே சொன்னார்கள்.

கடைசி நேரத்தில் என்னால் போய்ச் சேர முடியவில்லை. ஊருக்குப் போனால் எல்லோரும் அதையே கேட்பார்கள்.

கேட்பார்கள். “வர முடியவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். டிக்கெட், விடுப்பு, தூரம் என்று விளக்க ஆரம்பித்தால் நீங்களே உங்களைக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறீர்கள். கூட இருந்தவர்களும் பலர் அந்த நிமிடத்தில் இருந்ததில்லை. நர்ஸைக் கூப்பிட வராந்தாவுக்குப் போன இரண்டு நிமிடத்தில் போன உயிர் எத்தனையோ.

ஊருக்குப் போகாமலே இருந்துவிட்டால் தப்பா?

இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், நீடித்த துக்கம் என்ற நிலையைச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் தீவிரம் குறையாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போடுவது அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதே வருடம் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. அழுகை வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூக்கம், வேலை, சாப்பாடு எல்லாம் மாதக்கணக்கில் நின்றுபோனால் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே பாருங்கள்.

வீட்டை விற்றுவிட்டோம். இனி ஊருக்குப் போனால் எங்கே தங்குவது?

சொந்தக்காரர் வீடுகள் இருக்கும், கூப்பிடவும் செய்வார்கள். முதல் தடவை லாட்ஜில் தங்குங்கள் என்பேன். பழைய வீட்டு வழியாகப் போய்விட்டு, முகம் கழுவி, யாரிடமும் பேசாமல் படுக்க ஒரு அறை வேண்டும்.

நான் அப்படித்தான் செய்தேன். என் ஊரில் பணம் கொடுத்துத் தங்கிய முதல் ராத்திரி அது. வரவேற்பில் ஒரு பையன் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தான். பெயர் எழுதினேன், முகவரி எழுதினேன். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “சொந்த வேலைன்னு போட்டுக்கறேன் சார்” என்று எழுதிவிட்டுச் சாவியைக் கொடுத்தான்.